பேட்டரி இறங்கிவிட்டது என்றார் பெரியப்பா

என்னை முதலில் கேவலப்படுத்தியவர் என் பெரியப்பா நாச்சிமுத்து. மற்றவர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் வரிசையில் வந்தவர்கள். அந்த வரிசையின் கடைசியில் இன்று ஒருவன் வந்து, என் தோட்டத்துக் கொட்டகையில் மண்டி போட்டு, அவருடைய காரின் வயிற்றை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கோயமுத்தூர்க்காரன். தருண் என்று பெயர் சொன்னான். பழைய கார்களுக்கு மதிப்புச் சொல்வதுதான் தொழிலாம். பழைய மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவனை நாங்கள் தரகன் என்போம், தோளில் துண்டைப் போட்டு விரலால் விலை பேசுவான், இவன் துண்டுக்குப் பதிலாகக் கழுத்தில் ஏதோ பட்டையைத் தொங்கவிட்டிருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். அவனைக் கூட்டி வந்தவள் சுலோச்சனா, பெரியப்பாவின் ஒரே மகள், எனக்குத் தங்கை முறை. பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். என் வீட்டு நாற்காலி அவளுக்கு அழுக்கு. "ஏனுங்ணா, நீங்களும் உக்காருங்க, காலு வலிக்கப் போவுது" என்கிறாள். வலிக்கட்டும். நான் உட்கார்ந்தால் அவன் பின்பக்கம் போய் எதைத் தொடுகிறான் என்று தெரியாது. அவன் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு கதவில், மட்காட்டில், டிக்கியில் ஒட்டி ஒட்டி எடுக்கிறான். பட்டி பூசி ஒப்பேற்றிய இடமென்றால் காந்தம் ஒட்டாதாம். ஒட்டுகிறது. எங்கே வைத்தாலும் ஒட்டுகிறது. ஒட்டும்போதெல்லாம் "ஆஹா" என்கிறான். இரும்பில் காந்தம் ஒட்டுவதற்கு ஆஹா போட ஒரு ஆள், அவனுக்கு ஒரு சம்பளம். என் பேத்தி இவனைவிட நன்றாகக் காந்தம் விளையாடுவாள்.

மாரிஸ் மைனர். சாம்பல் பச்சை. முன்கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டாக இருக்கும். திரும்ப வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீண்டு விளக்கெரியும், பெரியப்பா அந்தக் கை நீளுவதைப் பார்க்கவே வளைவில்லாத ரோட்டிலும் அதை நீட்டுவார். எங்கள் பங்காளி வீடுகளில் ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்கும் மாப்பிள்ளை அழைப்பு இந்தக் காரில்தான். பெண் ஊர்ப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும், பெரியப்பாவே ஓட்டுவார், டிரைவரை விடமாட்டார், நடந்து வருகிற மேளக்காரனுக்குத் தக்கபடி வண்டியை நகர்த்துவார். மாப்பிள்ளை பின் சீட்டில் தனியாக நடுவில். முன்னால் பெரியப்பாவின் கழுத்தும் அதில் சந்தனமும். குப்பண்ணன் போனான். சென்னியப்பன் போனான், அவனுக்கு ஒரு கால் சூம்பி இருக்கும், அவனும் போனான். குடித்துவிட்டு மேடையில் தாலியைத் தவறவிட்ட திருமூர்த்திகூட இதில்தான் போனான். என் முறை வந்தபோது பெரியப்பா வாசலில் நின்று பல்லைக் குச்சியால் குத்திக்கொண்டே, "பேட்டரி எறங்கிப் போச்சு மாரப்பா, வேற ஏற்பாடு பண்ணிக்க" என்றார். என் அப்பனுக்கும் அவருக்கும் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பதில் தகராறு. அந்தக் கோபத்தை என் அப்பனிடம் அல்லவா காட்டியிருக்க வேண்டும். நான் சின்ன வெங்காயம் ஏற்றுகிற டிராக்டரில் போனேன். டிரெய்லரில் ஜமுக்காளம் விரித்து, அதன் மேல் நாற்காலி போட்டு, நாற்காலி ஆடாமல் இருக்க நாலு பேர் காலைப் பிடித்துக்கொண்டு. காற்றடித்தது. வெங்காயச் சருகு பறந்து பட்டு வேட்டியில் ஒட்டியது, மாலையில் ஒட்டியது, நெற்றிச் சந்தனத்தில் ஒட்டியது. பெண் வீட்டிலிருந்து ஆரத்தி எடுக்க வந்தவள் என் முகத்திலிருந்து சருகை எடுத்துவிட்டுத்தான் தட்டைச் சுற்றினாள். சிரித்தாள். யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும், அவள் செத்த வீட்டுக்கு நான் போகவில்லை. மறுநாள் காலையில் மறுவீட்டுக்குப் போகிற வழியில் எதிரே வந்தது இந்தக் கார். பெரியப்பா ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் யாரோ பேங்க் ஆபீசர். ஒரு ராத்திரியில் ஏறிவிட்டதாம் பேட்டரி. என்னைப் பார்த்தார். அந்தச் சின்னக் கையை நீட்டினார். வளைவே இல்லை அங்கே.

"ஐயா, பானெட்டத் தொறக்கலாமுங்களா?" என்கிறான் தருண். திற. திறக்கத் தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிகிறது. சரி, அதற்குக் கூடத் தெரியாமல் சம்பளம் வாங்க முடியுமா. உள்ளே தலையை விட்டான், மூக்கை உறிஞ்சினான். "புகையில வாசம் வருதுங்களே?" எலிக்கு என்றேன். புகையிலைக் காம்பை இஞ்சின் மூலைகளில் செருகி வைத்தால் எலி வராது. எலி வந்தால் ஒயரைக் கடிக்கும், ஒயர் போனால் வண்டி கிளம்பாது, வண்டி கிளம்பாவிட்டால் பெரியப்பா சொன்னது உண்மையாகிப் போகும். இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. அவன் சுலோச்சனாவைப் பார்த்து, "எவ்வளவு ஆசையா வெச்சிருக்காரு பாருங்க மேடம்" என்கிறான். ஆசை. இந்த வார்த்தையை எடுத்து அவன் காந்தத்தோடு சேர்த்து அவன் பையிலேயே போட வேண்டும். ஆசையாகவா ஒவ்வொரு அமாவாசைக்கும் வண்டியின் முன்னால் கம்பியை நுழைத்துச் சுற்றுகிறேன். சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்பு பல்லி மாதிரி டிக் டிக்கென்று கத்தும், நிற்கும். பிறகு இரும்புக் கம்பியைப் பம்பருக்குக் கீழே நுழைத்துச் சுற்ற வேண்டும், கட்டை விரலை மடக்கி மற்ற விரலோடு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உதைத்துவிடும். கார் என்னிடம் வந்து, முதல் தடவை இப்படிச் சுற்றி அது கிளம்பிய அன்றுதான் எனக்கு அந்த விஷயம் உறைத்தது. பேட்டரி இறங்கியிருந்தாலும், கொஞ்சம் உயிர் இருந்தால் போதும், கம்பியால் சுற்றிக் கிளப்பலாம். உண்மையிலேயே இறங்கியிருந்தாலும் கிளப்பியிருக்கலாம்! பொய்யாக இருந்தாலும் பொய், நிஜமாக இருந்தாலும் பொய். கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றேன். கொட்டகை முழுக்கப் புகை. செத்துப்போன மனுசனிடம் சத்தமாகச் சொன்னேன், கெளம்புது பாருங்க, கெளம்புது பாருங்க என்று. பாவாத்தாள் வந்து, "ஆருகிட்டப் பேசறீங்க?" என்றாள்.

பாவாத்தாள் என் மனைவி. அவளிடம் கேட்டால் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. "நீங்க எதுல வந்தீங்கன்னு ஆரு பாத்தா? பூ வெச்சுக் கட்டிக் கட்டி எனக்குத் தலை பாரம், எப்படா அவுப்பாங்கன்னு உக்காந்திருந்தேன்" என்கிறாள். ஒரு தடவை வேன் என்றாள். வேனிலா வந்தேன் நான். எங்கிருந்து வந்தது வேன் எங்கள் ஊருக்கு அந்தக் காலத்தில். நான் சண்டை போட்டேன். அன்றைக்கு ராச்சாப்பாடு சாப்பிடவில்லை. ஆனால் படுத்த பிறகு ஒரு பயம் வந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. நாற்காலியின் காலைப் பிடித்திருந்த நாலு பேரில் மூன்று பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். நாலாவது ஆள் வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முண்டாசு மட்டும் இருந்தது. இப்படியே ஒவ்வொன்றாகக் கழன்று போனால், கடைசியில் டிராக்டரும் போய், சருகும் போய், ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போது எனக்கு யார்மேலும் ஒன்றும் இல்லை என்றாகிவிட்டால். அப்புறம் நான் யார். பல் போன, மூட்டு தேய்ந்த, வெங்காயம் போடுகிற இன்னொரு கிழவன். அப்படி ஊரில் எத்தனையோ பேர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், திட்டினாலும் சிரிக்கிறார்கள். அதனால்தான் நான் தினமும் ஒரு தடவை கொட்டகைக்கு வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறேன். கார் இருக்கிறது. அப்படியென்றால் நடந்தது நடந்ததுதான்.

"ஐயா, இந்த மாதிரி பானெட்ட நான் பாத்ததேயில்ல" என்று சத்தம் போடுகிறான் தருண். என்னவோ ஏதோ என்று கிட்டே போனேன். பானெட்டை மூடி, உள்ளங்கையால் தடவிக்கொண்டிருக்கிறான். இந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வைத்து, பானெட்டில் மூன்று கோடு பெயின்ட் அரித்துப் போயிருக்கும், என்ன தேய்த்தாலும் போகாது, அதிலேயே பாதி மதிப்புப் போய்விடும் என்கிறான். "இதுல பொட்டுத் தடமே இல்லீங்களே. எப்படிங்கய்யா இவ்ளோ விவரமா இருந்தீங்க?" பெரியப்பா கண்ணாடியில்தான் வைப்பார். நான் வைப்பதே இல்லை. ஆயுத பூஜைக்கு மோட்டாருக்கு வைப்பேன், மருந்தடிக்கிற டப்பாவுக்கு வைப்பேன், மண்வெட்டிக்கு, களைக்கொத்துக்கு, பாவாத்தாள் மிக்சிக்குக் கூட வைப்பாள். இதற்கு வைக்க மாட்டேன். தார்ப்பாயை இன்னும் இழுத்து மூடிவிடுவேன், பொரிகடலைகூட அந்தப் பக்கம் போகக் கூடாது. எனக்கு உழைத்த சாமானுக்குத்தான் பொட்டு. இது எனக்கு என்ன உழைத்தது. அந்தக் கடுப்புதான் இவனுக்கு விவரமாகத் தெரிகிறது. ஓட்டவே இல்லை என்கிறான், ஆச்சரியப்படுகிறான். எனக்கு ஓட்டத் தெரியாதடா. தெரிந்தாலும் ஓட்ட மாட்டேன். டயர் தரையில் பட்டு நசுங்கக் கூடாது என்று வேல மரக்கட்டை கொடுத்துத் தூக்கி வைத்திருக்கிறேன், அதுவும் ஆசை என்கிறான். சீட்டில் யாரும் உட்காரவில்லையே, ரெக்சின் புதுசு மாதிரி இருக்கிறதே என்கிறான். யாரை உட்கார விடுவேன். என் மருமகன் கல்யாணமான புதிதில், "மாமா, ஒரு போட்டோ மட்டும்" என்று கதவில் கை வைத்தான். அன்று எடுத்த கைதான், இன்றுவரை என் வீட்டில் அவன் தலையணையைக்கூடத் தொடுவதில்லை. அவனையும் எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடினால் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாலேயே ஆள் கூட்டி வந்து விலை பேசிவிடுவான். ரசிப்புக்காரன்.

தருண் தொகையைச் சொன்னான். சுலோச்சனா காதில்தான் சொன்னான், ஆனால் அவள் முகம் எனக்குச் சொல்லிவிட்டது. பிறகு அவளே சத்தமாகச் சொன்னாள். என் வெங்காயக் காட்டை மேலே நிற்கிற வெள்ளாமையோடு வாங்கிவிடலாம் அந்தத் தொகைக்கு. "எம் பையன் கேக்கறாங்ணா. தாத்தா கார் வேணுங்கறான். அங்க வெளிநாட்டுல இருந்துட்டு டெய்லி போன். நீங்க சொல்றதத் தர்றோம். நாங்க என்ன அன்னியமா?" என்றாள். அன்னியம் இல்லையாம். தோட்டம் துரவு, பொள்ளாச்சி ரோட்டுக் கட்டடம், தென்னந்தோப்பு எல்லாம் அவளுக்கு எழுதிவிட்டுப் போனார் அவர், ஒற்றை மகள், நியாயம்தான். எனக்கு இந்தக் கார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வக்கீல் படித்தார், எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், சென்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தான். அன்றிலிருந்து இது ஒன்றைத்தான் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு தடவை கேலி செய்தாரா, ஓட்டத் தெரியாதவனுக்குக் கார். இல்லை, உள்ளுக்குள் உறுத்தி, வாயால் சொல்ல வக்கில்லாமல், இரும்பாகக் கொடுத்தாரா. கேலி என்றால் என் கோபத்தில் ஒரு குறையும் இல்லை. உறுத்தல் என்றால், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, வந்து சொல்லியிருக்க வேண்டும், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். அதைவிட மோசமான நினைப்பு ஒன்று உண்டு. அவருக்கு அன்றைக்கு நடந்ததே ஞாபகம் இல்லாமல் இருந்திருந்தால். ஏதோ ஒரு காலையில் ஏதோ ஒரு பையனிடம் ஏதோ சொன்னார், பல்லைக் குத்திக்கொண்டே மறந்தும் போனார் என்றால். நான் மட்டும் ஒரு ஆயுசு முழுக்க ஆள் இல்லாத இடத்தில் சண்டை போட்டிருக்கிறேன்.

"விக்கறாப்பல இல்ல அம்மிணி" என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பெரியப்பாவுடையது, மேலுதடு ஒரு பக்கம் ஏறும். "அப்பா சொன்னது செரியாத்தான் போச்சு" என்றாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் நின்றேன். என் காது கேட்டது. "ஆஸ்பத்திரியில இருக்கறப்போ நாங் கேட்டேனுங்ணா. ஏப்பா, காரு எனக்கில்லையான்னு. நீ ஒரே வருசத்துல வித்துப்போடுவ, உம் புருசன் செவப்புப் பெயின்ட் அடிச்சுப்போடுவான், மாரப்பன்தான் அதுக்கு ஆளுன்னாரு. கல்யாணத்துக்குக் காரு குடுக்கலீன்னு அவனுக்கு எம்மேல இன்னுங் கோவம், அந்தக் கோவம் இருக்கற வரைக்கும் ஒரு ஆணியக்கூட ஒருத்தனையும் கழட்ட உடமாட்டான், பத்தரமா இருக்கும்னு சொன்னாருங்ணா. அப்பறம் சிரிச்சாரு, இருமல் வந்திருச்சு."

கொட்டகையில் ஏதோ சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்படியென்றால் ஞாபகம் இருந்திருக்கிறது. சாகிற வரைக்கும் இருந்திருக்கிறது, நான் சருகை மனசில் வைத்திருந்த மாதிரி அவரும் எதையோ வைத்திருந்திருக்கிறார். என் உடம்பில் ஒரு சூடு வந்தது, சந்தோஷம் மாதிரிதான் முதலில் இருந்தது, அந்த ஆளுக்குத் தெரியும், தெரியும், தெரிந்தே இருந்தார். அடுத்த மூச்சில் அது திரும்பிவிட்டது. தெரிந்து என்ன செய்தார்? என் கோபத்தைத் தூக்கிப் பார்த்து, எடை போட்டு, காருக்குக் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சம்பளமில்லாத வாட்ச்மேன். புகையிலைக் காம்பு நான் வாங்கியது. தார்ப்பாய் நான் வாங்கியது. மரக்கட்டை என் வேல மரம். மழைக்காலத்தில் கொட்டகை ஓடுகளை மாற்றியது நான், கீழே விழுந்து இடுப்பில் கட்டுப் போட்டதும் நான். ஒவ்வொரு அமாவாசையும் கெளம்புது பாருங்க என்று நான் கத்தியபோது அவர் எங்கோ உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டு, கெளம்பட்டும் கெளம்பட்டும், அதுக்குத்தான் குடுத்தேன் என்றிருக்கிறார். இதை இப்போதே விற்றுத் தொலைத்தால் என்ன. விற்றால் அவர் தோற்றார். ஆனால் விற்றால் அவள் வீட்டுக்கே போகும், மினுக்கித் துடைத்துக் கூடத்தில் நிறுத்துவார்கள், பேரன் தாத்தா தாத்தா என்பான், டிராக்டரைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள். வைத்துக்கொண்டால் அவர் சொன்ன வேலையை நான் செய்கிறேன். எரித்துவிடலாம். எரிக்க மாட்டேன் என்பதும் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. படிக்காதவன் என்று என்னைச் சொன்னார்கள், அவர் என்னை வரி விடாமல் படித்திருக்கிறார்.

என் முகத்தைப் பார்த்து சுலோச்சனாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. எழுந்து வந்தாள். "ஏனுங்ணா, இதுக்குப் போயி. காத்தடிச்சு எறக்கினா வண்டி ஓடும்ங்கறாரு இவரு. நீங்க பின்னால உக்காருங்க. பிள்ளையார் கோயில் வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வரலாம். அப்பா செய்யாதத நாஞ் செய்யறேன், அண்ணியையும் கூப்பிடுங்க" என்றாள். தருண் தாங்கள் வந்த காரிலிருந்து காற்றடிக்கிற மெஷினை எடுத்து வந்தான். அவர்கள் ஜாக்கி வைத்து ஒவ்வொரு கட்டையாக எடுத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. கார் தரைக்கு வந்ததும் கொஞ்சம் பெருமூச்சு விட்ட மாதிரி உட்கார்ந்தது. பாவாத்தாள் ஈரக்கையோடு வந்து நின்று, "போயிட்டுத்தான் வாங்களேன், அப்பவாச்சும் நிம்மதியாத் தூங்கறீங்களான்னு பாக்கலாம்" என்றாள். அவள் வரவில்லையாம், அடுப்பில் குழம்பு. முன் சீட்டை மடக்கிப் பின் சீட்டுக்கு வழி விட்டான் தருண். உள்ளேயிருந்து ரெக்சினும் பழைய பெட்ரோலும் கலந்து ஒரு வாசம் வந்தது. நான் கதவைப் பிடித்தேன். ஒரு காலை உள்ளே வைத்தேன். ரப்பர் பாய் குளிர்ச்சியாக இருந்தது. எத்தனை தடவை இதைத் துடைத்திருக்கிறேன், கால் வைத்ததில்லை. தலையைக் குனிந்து இன்னொரு காலையும் எடுத்து வைத்தால் முடிந்தது. நடுவில் உட்கார வேண்டும். மாப்பிள்ளை நடுவில்தான் உட்கார வேண்டும். இத்தனை சுலபமா இது. இதற்காகவா. தருண் மறுபக்கம் போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, "போலாமுங்களா ஐயா?" என்று திரும்பாமலே கேட்டான். அவனுடைய கழுத்து என் முன்னால் இருந்தது. நன்றாகச் சவரம் செய்த, வெளுப்பான, எனக்கு ஒன்றும் செய்யாத கழுத்து. அவன் என்னை அழைத்துப் போனால், போகலாம், சுற்றி வரலாம், இறங்கிவிடலாம். ஊர் பார்க்கும். சாயங்காலம் சுலோச்சனா போன் போட்டு மகனிடம், அண்ணனை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனோம், சமாதானம் ஆயிட்டாரு என்பாள். நான் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டதாக ஆகிவிடும். கொடுக்க வேண்டியவர் ஒன்றும் கொடுக்காமலே.

காலை வெளியே எடுத்தேன். முட்டி கதவில் இடித்தது, வலித்தது. "என்னங்ணா?" என்றாள் சுலோச்சனா.

"உங்கப்பன வந்து கூப்படச் சொல்லு."

"அப்பா போயிப் பதினோரு வருசமாச்சுங்ணா."

"அது அவர் பாடு" என்றேன். தருணைப் பார்த்து, எழுந்து வெளியே வா, யாரைக் கேட்டு அந்த சீட்டில் உட்கார்ந்தாய் என்றேன். அவன் விழுந்தடித்து இறங்கினான், காந்தம் கீழே விழுந்து உருண்டது. எடுத்துக்கொண்டு போகட்டும். அவர்கள் கார் சத்தமில்லாமல் தடத்தில் போய்த் திரும்பியது. பாவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு குழம்புக்குப் போனாள். நான் ஜாக்கியைத் தேடினேன், அது அவனுடையது, எடுத்துப் போய்விட்டான். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும், போய்க் கேட்க வேண்டும். இருட்டுவதற்குள் நாலு சக்கரத்தையும் தூக்கிக் கட்டை கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் டயர் நசுங்கிவிடும். செய்வேன். அவருக்காகச் செய்கிறேன் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும், நினைப்பதற்கு அவருக்கு நேரம் நிறைய இருக்கிறது. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் ஒரு தெரு, அவர் ஓட்ட, மேளத்துக்குத் தக்கபடி மெதுவாக. அதற்கு ஒரு அடி குறைந்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டேன்.